சபை நீக்கம் செய்யப்பட்ட கல்

என் மனைவி காய்ச்சலில் இறந்தபின் ஒன்றரை வருஷம் நான் ஆண்டவரோடு பேசவில்லை. சண்டைதான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனேன். பாட்டுக்கு வாயசைத்தேன். ஜெபம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு, மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்தேன். இந்த லட்சணத்தில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் வேறு.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையிலிருந்து அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போவேன். ஒரு பங்குனியில் வழியில் செயின் கழன்றது. ஓடைக்கரைப் புளியமரத்தடியில் அதை மாட்டிவிட்டு, கை கிரீஸைத் துடைக்க அங்கே கிடந்த கல்லைத் தொட்டேன். அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. என்னை அறியாமல், "அவளை ஏன் எடுத்தீர்?" என்று கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை. ஆனால் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். கிறிஸ்துதான் நம் கன்மலை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காக, ஞாயிறன்று அந்தக் கல்லைக் கேரியரில் கட்டி சர்ச்சுக்குக் கொண்டுபோனேன். பீடத்துக்கு முன்னால் நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் இரண்டு செம்பருத்தியும் வைத்தேன். கறுப்பு, வழவழப்பு, உருண்ட தலை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அது எதைப் போல இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கி ஆறு மாதமே ஆன ஓர் அம்மாள் உள்ளே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போதகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாத்தியாரே, ஊர்ல இருக்கிற லிங்கம் பத்தலனு இங்க வேற ஒண்ணு கொண்டாந்துட்டீங்களா? எடுத்துனு போங்க."

"இது கன்மலைங்க ஐயா."

"மலை வெளியிலயே ஜாஸ்தியா இருக்குது."

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. கல்லைத் திரும்பப் புளியமரத்தடிக்கே கொண்டுபோனேன். வீசிப் போட மனம் வராமல் மண்ணில் நட்டு வைத்தேன். அது அடுத்த தப்பு.

அடுத்த வாரம் கல்லுக்கு விபூதிப் பட்டை போட்டிருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கழனியிலிருந்து வந்த ஒரு பெண் அதன் முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அது என் கல்.

"இது சாமி இல்லம்மா. நான்தான் நட்டேன்."

"அப்ப உங்களுக்குத்தான் தெரியும். எங்க வூட்டுக்காரருக்குப் பத்து நாளா காய்ச்சல் வுடல சார். என்னா சொல்லி வேண்டிக்கணும்னு சொல்லுங்க."

என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. மண்ணில் முழங்கால் போட்டேன். வேத வசனம், தோத்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இந்தம்மா புருஷனையாவது விட்டுடும்" என்றேன். சொல்லும் முறையா அது? மிரட்டல் மாதிரி இருந்தது. அப்புறம் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை.

அவள் பயந்துபோய் என் பக்கத்தில் குந்தினாள்.

"உங்க வூட்ல யாருக்கு சார்?" என்றாள்.

சொன்னேன். என் மனைவியைப் பற்றி நான் வாய்திறந்து பேசியது அன்றைக்குத்தான்.