வைஷுவின் ஏழு ஸ்வரங்கள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. போன ஆடியில், புனே சாங்வியில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் ஹரிபிரசாத்தின் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன் ஹரிபிரசாத். பழைய டேப் ரெக்கார்டரைப் பிரித்து வாத்தியம் செய்வது அவனும் ஏழு வயது மகள் வைஷுவும் போட்ட திட்டம். பழைய சாமான் விற்கும் ஜுனா பஜாரில் ஒன்றை வாங்கி, ச முதல் நி வரை, ஸ்வரத்துக்குப் பத்து நொடி என்று அவளைப் பாட வைத்துக் கேசட்டில் பதிந்தான். மறுவாரமே டெங்கு வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு வருடம் கழித்துத்தான் கேசட்டை எடுத்தான். போட்டுக் கேட்கத் தெம்பில்லை. நாடாவை அளந்து ஏழு துண்டாக வெட்டிப் பலகையில் வரிசையாக ஒட்டினான். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டைக் கழற்றி ஒரு குச்சியில் பொருத்தி, ஸ்பீக்கரோடு இணைத்தான். குச்சியால் நாடாவை உரசினால் ஸ்வரம் கேட்க வேண்டும்.

"வெட்டியாச்சுங்களா?" சமையலறையிலிருந்து மனைவி கோதை கேட்டாள்.

"ஆச்சு."

வெளியே மழை.

உரசினான். கர்ர்ர்… 'ச…'

வைஷுவேதான். பொலபொலவென்று அழுதுவிட்டான்.

திருப்பி இழுத்தால் குரல் தலைகீழாகத்தான் வரும். வரவில்லை. நேராகவே பாடியது.

ரி… க… ம…

உரச உரச நாடா தேயும், குரல் மங்கும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை. செத்த பிள்ளை பாடும்போது எந்த அப்பன் நிறுத்துவான்?

குரல் மங்கியது. பிறகு கம்மியது.

பயந்துபோய்க் குச்சியை எடுத்தான்.

'நி…' நிற்கவில்லை.

ஒரு சின்ன இருமல்…

அடங்கியது.

வாசலில் கோதை. முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருங்க பாடுனது?"

"பாப்பாதான். தேய்ச்சே தீத்துட்டேன் கோதை."

"அது பாப்பா கேசட் இல்லீங்க. அதப்போய் வெட்டுறதுக்கு எனக்கு மனசு வரல. புதுசு ஒண்ண மாத்தி வெச்சுட்டேன். அதுல ஒண்ணுமே பதியலீங்க."

பலகையிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தான். ஆனாலும் பாழும் மனதுக்கு ஓர் ஆறுதல். அசல் பத்திரமாக இருக்கிறது. வாத்தியத்தைத் துணி போட்டு மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தான். கோதை பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துத் தந்தாள். ஒரு வருடமாக யாரும் போட்டுக் கேட்காதது. இருவரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

உஸ்ஸ்ஸ்… எழுபது நொடியும் வெறும் இரைச்சல். ஒரு ஸ்வரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு, பதிந்த அன்று பாடி முடித்துவிட்டு அவள் சொன்னது மட்டும் மிச்சம் இருந்தது.

"போதும்ப்பா… தொண்ட வலிக்குது."