கிழக்குத் தலைப்பில் புகை

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் இது நடந்தது. போன ஜனவரியில், ஆனைக்கரைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தின் தனியார் ஓடுதளத்தில். பட்டப்பகலில்.

யோகப்பிரியா பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அதிகம் பேசமாட்டாள். ஓடுதளத்து ஓரத்தில் தகரம் வேய்ந்த அறையில் வயர்லெஸ் பார்க்கும் வேலை. அன்று கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய சிறு விமானத்தில் இரண்டே பேர். பைலட் ஜிதின். மெக்கானிக் அழகுமலை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பனி இல்லாமல் தளம் தெளிவாக இருந்தால், கிழக்குத் தலைப்பில், ஓடுதளம் முடியும் இடத்தில், பழைய டயரைக் கொளுத்துவார்கள். கறுப்புப் புகை தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். கொளுத்துவது கற்பகம்.

3.40. மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

“இன்னைக்குப் புகை கெடையாது. சயின்ஸு படிச்ச புள்ளைக்கு நான் சொல்லணுமாக்கும்!” என்று சிரித்தாள் கற்பகம்.

3.48. வயர்லெஸ் கரகரத்தது. அண்ணன் குரல்.

“ஏ புள்ள, புகை போட்டாச்சா?”

“போடலண்ணே. ஒரே மஞ்சு. திரும்பிப் போயிருங்க.”

“ஒரு சுத்து சுத்திப் பாக்கோம். புகை இல்லன்னா போயிருவோம். ஜிதினுக்குப் பிரியாணி நெனப்பு வந்துட்டு.”

அவளும் சிரித்தாள்.

3.53. டயர் எரியும் நாற்றம்.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கிழக்கே, பனியைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஒரு தூண் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

“அக்கா... கொளுத்திட்டீங்களா?”

“ஒம்பக்கத்துலதான தாயி நிக்கேன்!”

வயர்லெஸ்ஸை அழுத்தினாள். “அண்ணே, எறங்காதீங்க! அண்ணே!” வெறும் இரைச்சல். மறுபடியும் அழுத்தினாள். இரைச்சல். செல்போனில் சிக்னல் இல்லை.

ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு ஓடினார்கள்.

தீயைச் சுற்றி மூன்று பெண்கள் குந்தியிருந்தார்கள். தலையில் சாக்கு. கைகளை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

“எந்திரிங்க! பிளேன் வருது! அணைக்கணும்!”

ஒருத்தியும் திரும்பவில்லை.

யோகப்பிரியா தண்ணீரைக் கொட்டினாள். ‘சுர்’ரென்ற சத்தம் இல்லை. ஆவி இல்லை. தண்ணீர் தரையில் ஓடியது. தீ அப்படியே எரிந்தது.

கற்பகத்தின் வாளி கீழே விழுந்தது. “தாயி... வந்துரு... அவுகள நான் அறிவேன்...”

அவள் போகவில்லை. தீயைக் காலால் மிதித்தாள்.

சுடவில்லை.

ஐஸ் போலக் குளிர்ந்தது.

4.01. தலைக்கு மேலே இன்ஜின் சத்தம். ஒரு சுற்று.

“போயிருங்கண்ணே... போயிருங்க...” தீக்கு நடுவில் நின்று துப்பட்டாவை வீசினாள்.

சத்தம் தாழ்ந்தது.

இன்னும் தாழ்ந்தது.

மூன்று சாக்குத் தலைகளும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

கற்பகம் அவளை இழுத்துத் தள்ளினாள்.

4.03.

அந்தச் சத்தத்தை அவள் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை.

விமானம் சற்றுத் தள்ளி நொறுங்கிக் கிடந்தது; இருவரும் பிழைக்கவில்லை. மறுநாள் டயர் எரிந்த இடத்தில் ஒரு பிடி சாம்பல்கூட இல்லை. புல் பச்சையாக, ஈரமாக இருந்தது.

கற்பகம் பிறகுதான் வாய் திறந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்பு டயர் கொளுத்தும் வேலை மூன்று பெண்களிடம் இருந்தது. ஒரு நாள் பனியில் குளிர் தாங்கவில்லை. ‘பிளேன் வர நேரம் கெடக்கே’ என்று முன்கூட்டியே கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். பிளேன் சீக்கிரமே வந்துவிட்டது. புகையை நம்பி நேராக அவர்கள் மேலேயே இறங்கியது.

யோகப்பிரியா இதைக்கூடத் தாங்கிக்கொண்டாள்.

மார்ச்சில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விமானத்திலிருந்த சிறு கேமரா உடையாமல் கிடைத்திருந்தது. அதிகாரி ஒலியை மட்டும் போட்டார். நேரம் 4.02. அவள் தீக்கு நடுவில் நின்ற நேரம். தகர அறையில் ஒருவரும் இல்லாத நேரம்.

வயர்லெஸ்ஸில் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள்.

“ரொம்பக் குளிருதுண்ணே... எறங்கி வாங்கண்ணே...”

“இது உங்கள் குரலா?” என்றார் அதிகாரி.

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணன் பேசினான். செல்லமாக, சிரித்துக்கொண்டே.

“அழாத புள்ள. இந்தா, வந்துட்டோம்.”