பத்தாவது பால்

சின்ன வயசு, தெரியாமல் உளறிவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்களும் "பாவம், குழந்தைதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது பொய். சொல்லக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாய் நாட்டின் சுதந்திர நாளுக்கு, இரண்டு வாரம் இருந்தது. காஜா பெராங்கில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. நாடு நம் கைக்கு வரும்போது நம் மொழி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நிற்கலாமா என்று தினமும் காலையில் முழங்குவார். விழாவுக்கென்று ஒரு போட்டியும் வைத்தார். ஆளுக்கு ஒரு சொல். வீட்டில் புழங்கும் சாதாரணச் சொல்தான். அது எந்தெந்தத் தொழிலில், எந்தெந்த இடத்தில், என்ன பொருளில் வழங்குகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு மேடையில் சொல்ல வேண்டும். அதிகம் சொல்பவருக்குத் தகரப் பென்சில் பெட்டி, மூடியில் இரண்டு கிளி போட்டது. எனக்கு வந்த சொல் பால்.

ஒன்பது வயதில் எனக்கு வெட்கம் என்பதே கிடையாது. போகிற வருகிற ஆளையெல்லாம் வழிமறித்தேன். பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தவர் வாளியைக் காட்டி இதுவும் பால்தான், சுண்ணாம்புப் பால் என்றார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கட்டுக் கட்டும் டிரெஸ்ஸர் என் தோள் தழும்பைத் தட்டி, உனக்குக் குத்தியது அம்மைப்பால் என்றார். புக்கிட் காதில் என்கிற ஊர்ப் பக்கம் வயலோரத்தில் குடியிருந்த மாமா, நெல் கதிரில் பால் பிடிக்கும் என்றார். வாத்தியார் இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் இருக்கிறதே, மறந்துபோச்சா என்று காதைத் திருகினார். ரப்பர் பாலை என் சித்திதான் சொன்னாள். கோப்பையில் இறங்குவது ஒன்று, மரத்திலேயே காய்ந்து நிற்கும் ஒட்டுப்பால் ஒன்று என்று விரல் மடக்கி இரண்டாகவே கொடுத்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நான்கு மாதத்துக்கு முன்புதான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். தையல் படிக்க வந்திருக்கிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தையல் மிஷின் ஒன்றை எங்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் வந்த வாரத்தில் ஒருநாள் அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி ஒரு கூடை மல்லிகை வாங்கி வரச் சொன்னாள். பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு செட்டி அம்மாள், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட வம்சம். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், வருஷம் தவறாமல் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார், ஆனால் பேச்சு மட்டும் மலாய். சாமி, பூசை என்று நாலு தமிழ்ச் சொல்தான் அவர் வாயில் உண்டு. இவ்வளவு பூ பூசைக்கா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மா பூவைப் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். நான் தள்ளிப் பார்த்தேன். சித்தியின் மார்பில் பூவை அப்பிப் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

"எதுக்கும்மா இது?"

"பால் வத்தறதுக்கு. வெளிய போயி வாயத் தொறந்தே, வாய்ல மொளகாத் தூள்தான், சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை, விழா நாள் வரைக்கும்.

இதற்கிடையில் சித்திக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை தெங்கேராவில் மரக்கடையில் கிராணி, கணக்குப்பிள்ளை மாதிரி. நல்ல மனுஷன். பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஒரு பொட்டலம் கச்சான் கடலை வாங்கி வந்தார். ஜாதகம் பொருந்தி, வெற்றிலை பாக்கு மாற்றி, ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். சித்தி பாத்திரம் துலக்கும்போது மெல்லப் பாட ஆரம்பித்தது அப்போதுதான். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

விழாவன்று மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் எங்கள் பள்ளிதான். அம்மாவும் சித்தியும் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய மளிகைக்கடைக்காரர் மகன் 'அடி' என்ற சொல்லுக்கு ஒன்பது சொல்லிவிட்டு என்னைப் பார்த்து இளித்தான். என்னிடமும் ஒன்பதுதான் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். கீழே இறங்கியிருக்கலாம். என் நாக்கு இருக்கிறதே, அது இறங்க விடவில்லை.

"பத்தாவது, தாய்ப்பால். அது வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் கட்டியதை நானே கண்ணால் பார்த்தேன்" என்றேன்.

பெண்கள் பக்கம் சட்டென்று அடங்கிப்போனது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். முதலில் கைதட்டியது செட்டி அம்மாள்தான். அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேசுகிறதே என்ற சந்தோஷம்.

பரிசு எனக்குத்தான். பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து கன்னத்தைத் தடவினார்.

"கெட்டிக்காரி. ஆமா, பூ கட்டினது யாருக்குக் கண்ணு, ஒங்கம்மாவுக்கா?"

இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். செட்டி அம்மாளிடம் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியவள்தானே நான்! மிளகாய்த் தூள் ஞாபகத்துக்கு வராமலும் இல்லை. ஆனால் என் பத்தாவதை அவர் சந்தேகப்படுகிறார், பரிசைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தோன்றிவிட்டது.

"இல்ல பாட்டி, சித்திக்கு" என்றேன். "இப்பத்தான், நாலு மாசம் முன்னாடி."

அவர் என் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே தரகர் வந்து வாசலில் நின்றபடி, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்றார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விளக்குமாறு எடுத்தாள். "குடியக் கெடுத்தியேடி பாவி! அவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே!" என்று விளாசினாள். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, சித்தி குறுக்கே வந்து விழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது.

"விடுக்கா. ஒருத்தராச்சும் சொன்னாங்களே" என்றாள்.

அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். சித்தி அழவில்லை. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஆகா, சித்தி என் பக்கம்தான் என்று நிம்மதியானேன். சீ, நானெல்லாம் ஒரு பிள்ளை! அடுத்த மாதம் அவள் தோட்டத்துக்கே திரும்பி, ரப்பர் மரம் வெட்டிப் பால் இறக்கப் போய்விட்டாள். பிறகு கல்யாணம் என்ற பேச்சை எடுக்க அவள் யாரையும் விடவில்லை.

கல்யாணம் கெட்டுப்போனதற்காகத்தான் ரொம்ப காலம் வெட்கப்பட்டேன். ஒரு பெண்ணுக்குப் பால் சுரந்தால் அதைக் குடிக்க ஒரு பிள்ளை பிறந்திருக்க வேண்டும் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. அது இறந்ததா, யாருக்காவது கொடுத்துவிட்டார்களா, அதற்குப் பெயர் வைத்தார்களா, எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விஷயம் புரிந்த வயதில் நானாவது அவளிடம் கேட்டிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று கூசியே வருஷங்களைக் கடத்தினேன். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் சித்தி கடைசிவரை காத்திருந்தாளோ என்னவோ.