ஜெயந்தியின் சர்வரில் என் வாக்கியம்

1. டிக் போடாத பெயர்

போடி கல்லூரி நூலகத்துக்குப் புது மென்பொருள் வந்த அன்றே பிரின்சிபால் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். "மதுரைல ஜெயந்தி மேடம் கேட்டலாக்கப் பாத்தீங்களாம்மா? எம்புட்டு நீட்டா வச்சிருக்காக! அதையே இறக்கிக்கிட்டா சோலி வெரசா முடிஞ்சிரும்ல?"

ஜெயந்தி என்னோடு நூலக அறிவியல் படித்தவள். மதிப்பெண்ணில் எனக்குக் கீழே, வேலையில் எனக்கு மேலே. பெரிய கல்லூரி, ஏ.சி. அறை, சொந்த சர்வர்.

இசட் 39.50 என்பது நூலகக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை. இங்கிருந்தே வேறு நூலகங்களின் சர்வரில் தேடி, ஒரு புத்தகத்துக்கு அவர்கள் செய்து வைத்த பதிவை இறக்கிக்கொள்ளலாம். தேடுமுன் எந்தெந்த சர்வர் என்று டிக் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் போடுவேன், ஜெயந்தியுடையதைத் தவிர. அவளிடம் கையேந்துவதைவிட நானே டைப் அடிப்பது மேல் என்றிருந்தேன்.

2. குரங்கணிப் பெண்

ஒரு மாலை குரங்கணி மலைக் கிராமத்து மாணவி ஒருத்தி அழாக்குறையாக வந்தாள். "மேடம், ஏலக்கா காயப்போடுற ஸ்டோர் பத்தி புக்கு இருக்கா? எங்கப்பா அங்கதான் வேல பாக்குறாரு. அவரு சொன்னத எழுதுனேன். புக்கு ஆதாரம் இல்லாட்டி நாளைக்கு புராஜெக்ட வாங்க மாட்டாகளாம்."

புத்தகம் எதைப் பற்றியது என்று குறிக்கும் பொருள் தலைப்பில் 'உலர்த்துதல்' என்று தேடினேன். எங்களிடம் ஒன்றுமில்லை. மற்ற சர்வர்களிலும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயந்திக்கும் டிக் போட்டேன். உடனே ஒரு பதிவு வந்தது. குறிப்பில், 'அடுப்புச் சூட்டில் காயின் பச்சை நிறம் மாறாமல் காக்கும் முறை' என்றிருந்தது. அது நான் எழுதிய வாக்கியம்! புத்தகம் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது.

எடுத்துக் கொடுத்துவிட்டு, ஜெயந்திக்குப் போன் போட்டேன். "திருடி! என் பதிவ உன் பேருல வச்சிருக்க?"

சிரித்தாள். "ஏண்டி, 040-ஐப் பாத்தியா? ஏலத்தோட்டப் புத்தகம்னா உங்க சர்வர்ல உன் பதிவு வர்ற வரைக்கும் நான் காத்திருந்துல்ல எடுக்குறேன்."

040 என்பது பதிவைச் செய்தது யார், திருத்தியது யார் என்று சொல்லும் புலம். முதலில் எங்கள் நூலகத்தின் குறியீடு. கடைசியில் அவளுடையது. நான் 'ஏலக்காய் சாகுபடி' என்று மட்டும் பொருள் தலைப்புக் கொடுத்திருந்தேன். அவள் 'உலர்த்துதல்' சேர்த்திருந்தாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: 040-ஐ அழிக்காதீர்கள். டிக் போடும்போது பிடிக்காதவரில் தொடங்குங்கள். அன்று அவள் பதிவை இறக்கி என்னுடையதன் இடத்தில் வைத்தேன். அவள் சேர்த்த தலைப்பு சரிதான். தப்பாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.