தோஹாவிலிருந்து திறக்கும் தண்ணீர்

உடையார்பாளையத்தில் வெற்றிச்செல்வி வீட்டுக் குளியலறையைப் பார்ப்பதற்கென்றே சனம் வந்து போனது. சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை. விரலை வைத்தால் எண்கள் ஒளிரும், மேலேயிருந்து மழையாகக் கொட்டும். பக்கத்தில் வெள்ளைத் தொட்டி. அது தானாக நிரம்பும், மேல்மட்டம் வந்ததும் தானாக நிற்கும். சித்திரை மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரே தோலை உரிக்கிற ஊர் இது. இங்கே டிகிரி பார்த்துக் குளிக்க ஒரு பொட்டி! யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வெற்றிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அது எதற்காக வந்ததென்று அவளுக்குத் தெரியும்.

அவள் திருமானூர் வெள்ளைச்சாமியின் மூத்த மகள். தாய் இல்லாத வீடு. தங்கை கவியாவுக்குப் பேன் பார்த்து, தலை பின்னி, சோறு ஊட்டி ஆளாக்கியவள் இவள்தான். அக்காவைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் வீடே கதியென்று கவியா உடையார்பாளையத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். வந்த இடத்தில் காலனிப் பையன் அறிவரசனைப் பிடித்துப்போனது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், தங்கமான பிள்ளை. இருந்து என்ன? சாதி வேறு. ரெண்டு பேரும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்றைக்கு வெள்ளைச்சாமி கொள்ளிடத்தில் இறங்கி, செத்தவளுக்கு முழுகுவதுபோலத் தலை முழுகினார். "எனக்கு ஒரே பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே கரையேறினார்.

அந்த ஒரே பெண் என்ன செய்தாள்? வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு முந்திரிக்காட்டு மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போனாள். கவியாவும் அங்கே வருவாள். அக்காளுக்குத் தங்கை முதுகு தேய்ப்பாள், தங்கைக்கு அக்காள் சீயக்காய் தேய்ப்பாள். ஊர்க்கதை பேசிச் சிரித்துவிட்டு, ஈரத்தலையோடு ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோவார்கள்.

மாமியார் செல்வம்மாளுக்குக் கூர்மையான கண்ணும் இருந்தது, கையில் போனும் இருந்தது. தோஹாவில் ஓட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கும் மகன் சுரேஷ்குமாருக்கு அன்றைக்கே சேதி போனது. அவன் கத்தவில்லை. கத்துகிறவனைக்கூட நம்பலாம்.

"வெளியில குளிக்கப் போறதாலதானே இந்தக் கூத்து? வூட்டுக்குள்ளயே சொர்க்கத்தைக் கட்டித் தரேன், இரு" என்றான்.

திருச்சிக் கடையில் செல்வம்மாள் போனைத் தூக்கிப் பிடிக்க, அவன் அங்கிருந்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். "சும்மா ஒரு பைப்பு போதுங்க" என்று வெற்றிச்செல்வி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மாட்ட வந்த பிளம்பர் அழகேசனும் அவனிடம் போனில் சொல்லிப் பார்த்தார். "நம்மூரு உப்புத் தண்ணிக்கு இது அடைச்சிக்கும் சார். பேசாம ஒரு கீசரைப் போட்டுட்டுப் போயிடலாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். தண்ணிய என் போன்லேருந்து திறக்க மூட முடியுமா, அதைச் சொல்லுங்க" என்றான் சுரேஷ்குமார்.

முடியும் என்றார் அழகேசன். பிரஷர் மோட்டாரைக் கொல்லையில் வைத்து, அதைப் பார்க்கப் போய்வர வசதியாகக் குளியலறைக்குக் கொல்லைப் பக்கமும் ஒரு கதவு விட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் எப்போது குளிக்கிறாள், எவ்வளவு நேரம் குளிக்கிறாள் என்பதெல்லாம் கடல் தாண்டி இருந்தவனுக்குத் தெரிந்தது. அது போதாதென்று விளையாட்டு வேறு. தலை நிறைய நுரையோடு நிற்கும்போது அங்கிருந்து தண்ணீரை நிறுத்துவான். கண் எரிய அவள் "ஏங்க! தண்ணிய விடுங்க!" என்று அலறுவாள். கதவுக்கு வெளியே செல்வம்மாள் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"கத்துறாளாம்மா?"

"கத்துறாடா, நல்லாக் கத்துறா."

ரெண்டும் சிரிக்கும். தாயும் பிள்ளையும் ஆனாலும் இப்படியா! அவள் கெஞ்சிய பிறகுதான் தண்ணீர் வரும்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். கவியாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தது உடம்புதான். காலனியிலிருந்து பறைச் சத்தம் கேட்டபோது வெற்றிச்செல்வி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினாள். செல்வம்மாள் முன்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

"அத்தை, ஒரே ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டு வந்துடறேன். உங்க கால்ல விழுறேன், அத்தை."

செல்வம்மாள் போனை நீட்டினாள்.

"சாவு சேதி கேட்ட தீட்டுக்குக் குளிச்சா போதும்" என்றான் சுரேஷ்குமார். "தொட்டியை ரொப்பி வச்சிருக்கேன். உங்கப்பன் அன்னைக்கு முழுகுன மாதிரி நீயும் முழுகிட்டு வேலையப் பாரு."

குளியலறைக்குள் தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்டது. தங்கை செத்துக் கிடக்கிறாள், அக்காளுக்கு அங்கிருந்து வெந்நீர் விடுகிறான் புண்ணியவான்!

அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பலகையில் விரல் வைத்தாள், மேலேயிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீர் ஓடுகிற வரை அவள் குளிப்பதாகத்தான் தோஹாவில் தெரியும். ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு குளியல் நேரம் போதும். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, வரப்பு வழியாகக் காலனிக்கு ஓடினாள்.

ஐஸ் பொட்டியிலிருந்து அப்போதுதான் கவியாவை எடுத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பார்த்தாள். அவ்வளவுதான், திரும்பியிருக்க வேண்டும். அறிவரசனின் தாய் செல்லக்கண்ணு எண்ணெயும் சீயக்காயும் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பொறந்த வூட்டு சனம் ஒருத்தர்கூட இல்லியா? எம் மருமவளுக்கு மொதக் கை எண்ணெ வைக்க ஆளே இல்லியா?"

எந்த அக்காள் திரும்பிப் போவாள்? வெற்றிச்செல்விக்கு அங்கே ஓடும் தண்ணீர் நினைவில் இருந்தது. இருந்தும் கிண்ணத்தை வாங்கினாள். தங்கையின் உச்சியில் எண்ணெய் வைத்தாள், சீயக்காய் தேய்த்தாள், முடி சிக்கெடுத்தாள். காதுக்குப் பின்னால் நுரை நிற்காமல் குடம் குடமாக ஊற்றினாள். "கண்ண மூடிக்கடி" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, அந்த மார்பிலேயே விழுந்து கதறினாள்.

சொட்டச் சொட்ட அவள் திரும்பியபோது கொல்லைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர்ச் சத்தம் இல்லை. சன்னல் கம்பிக்குப் பின்னால் செல்வம்மாள் போனோடு நின்றாள்.

"அத்தை, தாழைத் தொறங்க."

"தீட்டோட உள்ள வரலாமா?"

"குளிச்சிட்டே வரேன். இந்தக் கொல்லைக் குழாயிலயாச்சும் தண்ணி விடுங்க."

வெற்றிச்செல்வி குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. மோட்டாரை நிறுத்தியிருந்தார்கள். போனில் சுரேஷ்குமாரின் குரல், எப்போதும் போல மெதுவாக.

"எப்பவும் போலத் தண்ணிய நிறுத்துனேன், வெற்றி. கத்துறாளாம்மான்னு அம்மாகிட்ட கேட்டேன். சத்தமே இல்லன்னாங்க."

"ஏங்க, அவ எந் தங்கச்சி. நான் தூக்கி வளத்த புள்ள."

"தெரியும். அதான் நான் இங்கயே குளிச்சிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான்.

"அவளுக்கு இல்ல. உனக்கு. உங்கப்பனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவரு கொள்ளிடத்துக்குப் போயிட்டிருக்காரு."

செல்வம்மாள் சன்னலைச் சாத்தினாள். வெற்றிச்செல்வியின் கையில் சீயக்காய் வாசனை இன்னும் இருந்தது.