குதிரைக் கடலை சூப்

அப்பா சமைத்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் சைப்ரஸ் நாட்டுச் சூப். மலேசியாவில் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வேலை அவருக்கு. ஒருநாள் மழையில் வேலை நின்றுபோக, சைப்ரஸ்காரரான கப்பல் சமையல்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு கிண்ணம் சூப் கொடுத்திருக்கிறார். கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, எலுமிச்சைச் சாற்றில் மாவைக் கரைத்து ஊற்றுவது. அப்பா அதன் பெருமையைச் சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டதால், அதில் என்னதான் போடுகிறார்கள் என்று அம்மாவும் நானும் கவனித்துக் கேட்டதே இல்லை.

சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் தாய்மாமாவுக்கு, துறைமுகத்து மச்சான் வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது பொறுக்கவில்லை. "சும்மா கதை விடாதீங்க மச்சான். செஞ்சு காட்டுங்க, சாப்பிட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச்சொல்லிவிட்டார் அப்பா. அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம், நைட் ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கடையில கச்சாங் கூடா ஒரு கிலோ வாங்கி அம்மாகிட்ட குடு. ஊறப் போடட்டும்."

கொண்டைக்கடலைக்கு மலாயில் அதுதான் பெயர். எனக்கோ கச்சாங் என்றால் கடலை, கூடா என்றால் குதிரை என்பது மட்டும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் வகுப்பிலேயே தமிழில் முதல் மாணவி நான். தமிழர் கடையில் போய் மலாயில் கேட்பேனா? "அங்கிள், குதிரைக் கடலை குடுங்க" என்றேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "குதிரை திங்கிறதுன்னா இதுதாம்மா" என்று ஒரு கிலோ கொள்ளு நிறுத்துக் கொடுத்தார். அம்மாவும், வெள்ளைக்காரன் எதைத்தான் தின்ன மாட்டான் என்று அதை ஊறவைத்துவிட்டார்.

காலையில் அப்பா வந்து பாத்திரத்தைத் திறந்தார். "அலமாக்! இது யாரு வாங்கினது?"

"நான்தான்ப்பா! மலாய்ல கேக்கவே இல்ல, தமிழ்ல சொல்லியே வாங்கிட்டேன்!"

அப்பா என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். கடலை ஊற ஓர் இரவு வேண்டும். மாமாவோ இந்நேரம் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டியிருப்பார். "கெட்டிக்காரி லா நீ" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்க உட்கார்ந்தார். மருந்துக்கடையில் வாங்கிய சின்னப் பாட்டில் ஆலிவ் எண்ணெய் முழுவதையும் ஊற்றினார். சூப், செம்மண் தண்ணீர் மாதிரி வந்தது.

மாமா ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "மச்சான், நான் சிங்கப்பூர்ல ஒரு கடையில சாப்பிட்டிருக்கேன். அது கொண்டக்கடலையில செய்யறது. இது கொள்ளு ரசம்! கப்பல்ல குதிரைக்கு வச்சிருந்தத குடிச்சிட்டு வந்துட்டீங்களா?" மாமாவோடு வந்திருந்த அத்தையும் சிரித்தார், அம்மாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் கப்பல்ல குடிச்சது இதுதான் மாப்ள" என்றார் அப்பா, நிதானமாக.

எனக்கு மாமாமேல் அப்படி ஒரு கோபம். அப்பா சொன்னால் அதுதான் சரி. சரியான சாமானை வாங்கி வந்தவள் நான் என்ற கர்வத்தில் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

பல வருஷம் கழித்து மலாய்க்காரர் கடையில், கொண்டைக்கடலை மூட்டையில் 'கச்சாங் கூடா' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். கொள்ளு எது, கடலை எது என்று அப்பாவுக்கா தெரியாது?

மாமா இன்றும் தீபாவளிக்கு வந்தால் அந்தக் கதையை எடுக்காமல் சாப்பிட உட்காருவதில்லை. அப்பாவும் கூடவே சிரிக்கிறார். 'பிள்ளை மாத்தி வாங்கிட்டு வந்துட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் திரும்பிவிடும். அந்த ஒரு வார்த்தையை என் அப்பா இன்றுவரை சொல்லவில்லை.