கலர் வரலையே

"ஏம்மா, கலர் வரலையே?"

இந்தக் கேள்வியை இப்போது யாராவது கேட்டாலும் எனக்குச் சுள்ளென்று ஏறும். கேட்பவர் பாவம், புடவைக் கடையில் சாயத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். என் முகம் போகிற போக்கைப் பார்த்து நகர்ந்துவிடுவார். என்ன செய்வது, தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் காது தேய்ந்துபோனது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் மாடியில் ஒரு ஸ்டூடியோ. கிள்ளானிலிருந்து தினமும் கோமுட்டர் ரயிலில் போய் வருவேன். படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் திருத்துவதுதான் என் வேலை. பரு அழிப்பேன், மூக்குக் கண்ணாடியில் அடித்த ஃபிளாஷை எடுப்பேன், குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கு வேறு படத்திலிருந்து கண் கொண்டுவந்து வைப்பேன். முதலாளியை நாங்கள் பாஸ் என்போம். கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் இல்லை.

கடையில் இரண்டு மானிட்டர்கள். ஒன்று பின்னறையில், என் முன்னால். மற்றது கவுண்ட்டரில், வாடிக்கையாளர் பார்ப்பதற்காக. ஒரே படத்தை இரண்டிலும் திறந்தால் இரண்டு வெவ்வேறு ஆட்கள் தெரிவார்கள். என் திரையில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை. கவுண்ட்டரில் பாஸ் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வெள்ளையில் நீலம் அடிக்கும்படி வைத்திருந்தார். அங்கே எல்லோரும் பளபளவென்று சலவைக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். பிரிண்டரில் வரும் தாளிலோ மூன்றாவது ஆள். தாளைக் கையில் வாங்கினதும் ஆரம்பிக்கும்: "ஏம்மா, கலர் வரலையே? ஸ்க்ரீன்ல நல்லா இருந்துச்சே?"

பாஸ் என் மேல் பாய்வார். "என்ன வேலை செய்யிற நீ? கலரை ஒழுங்கா சரி பண்ணு லா!"

நானும், முட்டாள், கலரைச் சரி பண்ணக் கிளம்பினேன். காலையில் வந்ததும் மானிட்டரைப் போட்டு, அது சூடேறி நிலைக்கும் வரை எந்தப் படத்தையும் தொடமாட்டேன். ஜன்னல் வெயில் திரையில் விழாமல் கறுப்புத் துணி கட்டினேன். ரோஸ் நிறச் சுவரைச் சாம்பல் காகிதம் ஒட்டி மறைத்தேன். சாம்பல் கட்டங்கள், குங்குமச் சிவப்பு, வாழையிலைப் பச்சை, என் சொந்தக் கை, இவ்வளவையும் ஒரே தாளில் அச்சடித்து, அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மானிட்டர் பட்டன்களைத் திருகினேன். கொஞ்சம் நீலம் ஏற்று, வெளிச்சத்தை இறக்கு, மறுபடி அச்சடி. நான் மையை வீணாக்குகிறேன் என்று பாஸ் கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன். கடைசியில் ஒரு நாள் திரையில் இருந்த என் கையும், தாளில் இருந்த என் கையும், என் தோளிலிருந்து தொங்குகிற கையும் ஒன்றாகவே இருந்தன. சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பாஸைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "எல்லாம் சரிதான் லா. கலர் எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்களுக்குக் கலர் என்றால் நிறமில்லை, வெள்ளை. பொண்ணு கலரா இருக்கா என்றால் என்ன கலர் என்று யாராவது கேட்கிறார்களா? பிறந்ததிலிருந்து இந்தத் தமிழைத்தான் பேசுகிறேன், இது தெரியாமல் மானிட்டரைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்! தலையில் அடித்துக்கொண்டேன். வந்தவர்கள் அத்தனை பேரும் என்னிடம் கேட்டது அவர்கள் முகத்தை அல்ல.

"அப்ப கவுண்ட்டர் மானிட்டரையாவது இதே மாதிரி வைக்கலாமே பாஸ்? பொய்யா காட்டினாத்தானே அப்புறம் திட்டுறாங்க."

"அத தொட்ட, அவ்வளவுதான். அதப் பாத்துதான் ஆர்டரே கொடுக்கிறாங்க."

நான் தொடவில்லை. அந்த நேரத்தில்தான் என் அக்காவுக்குக் காஜாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது.

அக்கா கிள்ளானில் நர்ஸ். நல்ல கறுப்பு. முப்பதை நெருங்கியிருந்தாள். அதுவரை வந்தவர்கள் எல்லாம் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிப் போனவர்கள். அதனால் வரன் பேச்செடுத்தாலே எழுந்துபோய்விடுவாள். இந்த முறை அப்படிப் போகவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். தரகர் ஆன்டி கொண்டுவந்த அவர் படத்தை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே, "என்னிக்கு வராங்களாம்?" என்றாள். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குப் பிடித்துவிட்டது.

அவள் படத்தை எங்கள் ஸ்டூடியோவில்தான் எடுத்தோம். நெற்றியில் பறந்த ஒரு முடியைத் தவிர நான் எதையும் தொடவில்லை. அச்சடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கன்னத்தோடு வைத்துப் பார்த்தேன். அப்படியே அவள்தான், அந்த மினுமினுப்பு உட்பட. அவளும் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உனக்கும் வேலை தெரியுது" என்று என்னைக் கிண்டல் பண்ணினாள்.

அந்தப் படத்தை வாங்க அம்மா வந்த நேரம், நான் சாப்பிடப் போயிருந்தேன். பாஸ் கவுண்ட்டர் திரையில் அக்காவைத் திறந்து காட்டியிருக்கிறார். அம்மா திரையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "இதுல ஏன் இப்படி இருட்டா இருக்கா? கலரே வரலையே?" அவ்வளவுதான், பாஸ் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அது உங்க மக வேலை, ஆன்டி. விடுங்க, ஸ்க்ரீன்ல தெரியிற மாதிரியே நான் போட்டுத் தரேன்." நான் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். பாஸ் அச்சடித்துக் கொடுத்த அந்த வெள்ளைக்காரி, தரகர் ஆன்டி கையோடு காஜாங்குக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மாவோடு பிடித்த சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கொஞ்சம் கலர் கூட இருந்தா என்னடி குறைஞ்சுபோச்சு? எல்லாரும் செய்யிறதுதானே?"

"அது அக்கா இல்லம்மா! வேற யாரோ!"

அக்காதான் சமாதானப்படுத்தினாள். "விடு. போட்டோவா கட்டிக்கப் போறாங்க? நேர்ல பாப்பாங்கல்ல." அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அத்தை, தரகர் ஆன்டி. அக்கா தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். அத்தை தேநீரை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தார். எழுந்து வந்து, நான் அச்சுத் தாளை வைத்துப் பார்ப்பேனே அதே மாதிரி, அதை அக்கா கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு தரகர் பக்கம் திரும்பி, "போட்டோல நல்ல கலரா இருந்துச்சே. இது அந்தப் பொண்ணா, இல்ல வேற பொண்ணா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாடி அலமாரியில் மாப்பிள்ளையின் படம் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஆள் அக்காவைவிடக் கறுப்பு. படத்தில் வெளுத்திருந்தார், சட்டையின் வெள்ளையில் நீலம் அடித்தது. எந்தக் கடை என்று தெரியாது, ஆனால் எந்த வியாதி என்று எனக்குத் தெரியாதா?

"உங்க பையனுக்கும் கலர் போட்டிருக்காங்க ஆன்டி. பாருங்க. இவரு அந்தப் பையனா, வேற பையனா?"

அத்தைக்குக் கோபம்கூட வரவில்லை. "ஆம்பளைக்கு என்னம்மா கலரு?" என்று சிரித்தார்.

அம்மா என் கையைக் கிள்ளி உள்ளே தள்ளினாள். மாப்பிள்ளை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். உன் வாயாலதான் கெட்டுச்சு என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கடையில் பாஸிடம் கத்தினேன். "உங்கம்மாதானே கேட்டாங்க?" என்றார். அது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

சில நாள் கழித்து வீட்டுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளையே பேசினார், அக்காவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதலில் முகம் மலர்ந்தது. அப்புறம் மெல்ல மாறியது.

"இல்லீங்க," என்றாள். "மன்னிச்சு ஏத்துக்கிற மாதிரி சொல்றீங்க. நான் ஒண்ணும் தப்பு பண்ணலீங்களே." போனை வைத்துவிட்டாள்.

"அடிப்பாவி, என்னடி சொன்னாரு?" என்று அம்மா அலறினாள்.

"அத்தைகிட்ட சண்டை போட்டுச் சம்மதிக்க வச்சாராம். 'உங்க கலர் எனக்குப் பரவாயில்ல'ன்னாரும்மா."

"நல்லதுதானடி சொல்லியிருக்காரு!"

அக்கா அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவரைத் திட்டலாம், அத்தையைத் திட்டலாம், பாஸை, அம்மாவை, யாரை வேண்டுமானாலும் திட்டலாம் என்று வாய் நிறைய வைத்திருந்தேன்.

"போட்டோவ விட நேர்லதான்டி அவரு நல்லா இருந்தாரு," என்று சொல்லிவிட்டு அக்கா அழ ஆரம்பித்தாள்.